எதிரெதிர்க் கட்சிகள் சேர்ந்தால் நீதியும் தேர்தலும் திருந்துமா?

வாசகர் கேள்வி, 11 மே 2025

சேர், உள்ளூராட்சித் தேர்தல் ஒருவழியாக நடந்து முடிந்தது. நண்பர்களோடு எனக்கு ஒரு வாக்குவாதம். இந்த நாட்டில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எப்போதாவது ஒன்றாகக் கை உயர்த்தியிருந்தால் அது நல்லதுக்காகத்தான் என்பது என் வாதம். அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம், 19, 21 எல்லாம் அப்படித்தானே வந்தன? நீதித்துறையும் தேர்தல் முறையும் திருந்த வேண்டுமென்றால் எல்லாரும் சேர்வதைத் தவிர வேறு வழியில்லை. இதில் என்ன பிழை?

11 மே, இரவு

பாதி சரி தம்பி. மூன்று திருத்தங்களும் எதிரிகள் சேர்ந்து கொண்டுவந்தவைதான்.

ஆனால் 2018 ஓகஸ்ட் 24ஐயும் கணக்கில் எடுங்கள். அன்று பாராளுமன்றத்தில் 139 பேர் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். மறுபக்கத்தில் ஒருவர்கூட இல்லை. மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கையைத் தோற்கடித்த வாக்கெடுப்பு அது. அறிக்கையைச் சபையில் முன்வைத்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். அன்றிலிருந்து இன்றுவரை ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலும் மாகாண சபைத் தேர்தல் இல்லை. கட்சிகள் சேர்ந்ததால் வந்த விளைவு இதுவும்தான். நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

13 மே

முதலில் 17. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது எப்படிப் பிறந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

2001 நடுப்பகுதியில் முஸ்லிம் காங்கிரஸ் விலகியதும் ஜனாதிபதி சந்திரிகாவின் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. நம்பிக்கையில்லாப் பிரேரணை வரப்போகிறது என்றதும் பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. அப்போது ஜே.வி.பி.யிடம் இருந்தது 10 ஆசனம். அரசாங்கத்தைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்க அவர்கள் கேட்ட விலைகளில் ஒன்று, சுயாதீன ஆணைக்குழுக்களும் அவற்றுக்கு மேலே ஓர் அரசியலமைப்புப் பேரவையும். ஐக்கிய தேசியக் கட்சியும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. செப்டெம்பரில் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேறிற்று. ஒக்டோபரில் பாராளுமன்றமே கலைக்கப்பட்டது.

அதாவது, நாளைக்கு யார் ஆளுங்கட்சி, யார் எதிர்க்கட்சி என்று ஒருவருக்கும் நிச்சயமில்லாத சில வாரங்கள் அவை. தோற்றாலும் தனக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லாக் கட்சிக்கும் ஒரே நேரத்தில் வந்தது. நல்ல சட்டம் பிறந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நல்லெண்ணம் இருக்கவில்லை என்று சொல்லவில்லை. பயம் இல்லாமல் நல்லெண்ணம் மட்டும் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது.

பேரவை பத்துப் பேர் கொண்டது. சபாநாயகர், பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், ஜனாதிபதியின் நியமனம் ஒருவர், பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து முன்மொழியும் ஐவர், மற்றச் சிறிய கட்சிகள் கூடித் தெரிவு செய்யும் ஒருவர். அந்த ஐவரில் மூவர் சிறுபான்மைச் சமூகங்களின் நலனைப் பிரதிநிதித்துவம் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். பிரதம நீதியரசரையும் உயர் நீதிமன்ற நீதியரசர்களையும் நியமிக்க அந்தப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். 1978க்குப் பிறகு ஜனாதிபதியின் கையை முதன்முதலாகப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

13 மே, சற்றுப் பிறகு

எழுதி முடித்ததும் அடுத்த கேள்வி வந்துவிட்டது: அவ்வளவு நல்ல சட்டம் ஏன் நிலைக்கவில்லை?

இரண்டு இடத்தில் உடைந்தது. தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குப் பேரவை பெயர்களை அனுப்பியது. தலைவராகச் சொல்லப்பட்டவரை நியமிக்க சந்திரிகா மறுத்தார். நியமிக்காவிட்டால் என்ன செய்வது என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ஆகவே ஆணைக்குழுவே அமையவில்லை. புது ஆணைக்குழு வரும்வரை பழைய ஆணையாளர் தொடர வேண்டும் என்று இருந்ததால், ஓய்வு பெற விரும்பியும் தயானந்த திசாநாயக்க வருடக்கணக்காக அந்தக் கதிரையிலேயே இருக்க வேண்டியதாயிற்று.

மற்றது, 2005இல் பேரவை உறுப்பினர்களின் காலம் முடிந்தபோது, சிறிய கட்சிகளுக்குரிய அந்த ஒருவர் யார் என்பதில் உடன்பாடு வரவில்லை. பத்தாவது ஆள் இல்லை, ஆகவே பேரவை முழுமையில்லை என்ற காரணம் மகிந்த ராஜபக்சவுக்குப் போதுமாக இருந்தது. நியமனங்களைத் தானே செய்யத் தொடங்கினார். பெரிய கட்சிகள் ஒத்துழைத்துக் கட்டியது, சிறிய கட்சிகள் ஒரு பெயரில் ஒத்துப்போகாததால் செயலிழந்தது. இதில் தமிழராகிய நம்முடைய பக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

18 மே

ஒருவர் எழுதியிருக்கிறார்: 'ஒற்றுமையைக் குறை சொல்கிறீர்கள். சர்வாதிகாரம் வருவது ஒற்றுமை இல்லாதபோதுதான்.'

18ஆவது திருத்தத்தைப் பாருங்கள். 2010 செப்டெம்பர் 8, ஆதரவாக 161, எதிராக 17. ஜனாதிபதி எத்தனை தடவையும் போட்டியிடலாம் என்றும், அரசியலமைப்புப் பேரவைக்குப் பதில் வெறும் கருத்துச் சொல்லும் ஒரு பாராளுமன்றப் பேரவை போதும் என்றும் சொன்ன திருத்தம். எதிரணியில் போட்டியிட்டு வென்று வந்தவர்களும் அதற்குக் கை உயர்த்தினார்கள். மூன்றில் இரண்டு என்ற எண்ணிக்கை ஒத்துழைப்பைக் காட்டும். எதற்காக ஒத்துழைத்தார்கள் என்பதைக் காட்டாது.

இன்னும் பின்னே போனால் 1983 ஓகஸ்ட். ஜூலைக் கலவரம் நடந்த சில நாட்களில் 6ஆவது திருத்தம். தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று அது கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். என் தலைமுறையில் பலர் பாராளுமன்ற அரசியலில் நம்பிக்கையை விட்டது அங்கேதான். சபை ஒரே குரலில் பேசியதென்று கேட்டாலே எனக்கு ஒரு தயக்கம் வருவது அதனால்.

19 மே

1982 சர்வஜன வாக்கெடுப்பை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். அது கட்சிகள் சேர்ந்த கதை இல்லை. ஒரே கட்சி தன் ஆறில் ஐந்து பெரும்பான்மையை இன்னும் ஆறு வருடம் நீட்டிய கதை. விளக்கு என்றால் ஆம், குடம் என்றால் இல்லை. யாழ்ப்பாணம் குடத்துக்கு அள்ளிப் போட்டது. நாடு விளக்குக்குப் போட்டது. ஜனாதிபதி ஜே.ஆர். தன் உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்திருந்த காலம். கட்சித் தலைமைக்கு எதிராகப் பேசும் உறுப்பினர் இல்லாமல் போனால், கட்சிகளுக்கிடையே ஒத்துழைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

2 ஜூன்

இந்த இழையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான். நீதித்துறைச் சீர்திருத்தம் கொழும்புக்காரர் விஷயம், மாகாண சபை நம்முடைய விஷயம் என்று பிரித்துப் பார்க்கிறோம். 2012 - 2013இல் இரண்டும் ஒரே முடிச்சாக இருந்தன.

அன்று அரசாங்கம் 'திவிநெகும' சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. மாகாண சபைகளுக்குரிய அதிகாரங்கள் பல ஓர் அமைச்சரின் கீழ் போகும் ஏற்பாடு. மாகாண சபைகளின் கருத்தைக் கேட்காமல் செய்ய முடியாது என்றது உயர் நீதிமன்றம். எட்டுச் சபைகள் சம்மதித்தன. வடக்கில் சபையே இல்லை. தேர்தல் வைக்கப்படவில்லை. வடக்கின் ஆளுநர் சபைக்குப் பதிலாகச் சம்மதம் தெரிவித்தார். மாவை சேனாதிராஜா நீதிமன்றம் போனார். மக்கள் தெரிவு செய்யாத ஆளுநர், மக்கள் தெரிவு செய்யும் சபைக்காகப் பேச முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க.

2012 நவம்பர் தொடக்கத்தில் அவர் மீது குற்றப்பிரேரணை. தெரிவுக்குழுவில் 11 பேர். அதில் எதிர்க்கட்சிக்காரர் நால்வர்: ஐக்கிய தேசியக் கட்சியின் ஜோன் அமரதுங்க, லக்ஷ்மன் கிரியெல்ல, ஜே.வி.பி.யின் விஜித ஹேரத், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சம்பந்தன். விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று நால்வரும் ஒன்றாக வெளியேறினார்கள். இந்த மூன்று கட்சிகளும் ஒரே பக்கம் நிற்பது அரிது. ஒரு நீதியரசருக்கு நியாயமான விசாரணை வேண்டும் என்பதில் நின்றார்கள். அது எண்ணிக்கையில் தோற்றது. 2013 ஜனவரி 11 வாக்கெடுப்பில் 155க்கு 49. ஆனால் இரண்டு வருடத்துக்குப் பிறகு 19ஐக் கொண்டுவந்த கூட்டு அங்கேதான் உருவானது என்று நான் நம்புகிறேன். எனக்குப் பிடித்த ஒத்துழைப்பு என்றால் அந்த வெளிநடப்பைத்தான் சொல்வேன்.

2 ஜூன், இரவு

ஒரு சேர்க்கை. 18ஆவது திருத்தத்துக்கு மக்கள் வாக்கெடுப்புத் தேவையில்லை என்று 2010இல் தீர்மானித்த அமர்விலும் சிராணி பண்டாரநாயக்கதான் தலைமை. இதை வைத்து 'அவருக்கு வேண்டியதுதான்' என்று எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்பு என்பது நமக்குப் பிடித்த தீர்ப்புச் சொன்னவருக்கு மட்டும் என்றால் அது பாதுகாப்பு இல்லை.

அதே அளவுகோலில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 ஜனவரியில் அவர் மீண்டும் பதவியில் அமர்ந்ததும், மறுநாள் ஓய்வு பெற்றதும், அவருக்குப் பின் ஸ்ரீபவன் பிரதம நீதியரசராக வந்ததும் நம்மில் பலருக்குச் சந்தோசம். ஒரு தமிழர் அந்தக் கதிரையில் இருப்பதை நானும் பெருமையாகத்தான் பார்த்தேன். ஆனால் நடுவில் பிரதம நீதியரசராக இருந்த மொஹான் பீரிஸை அகற்றிய முறை பாராளுமன்றம் வழியாக நடக்கவில்லை. அவருடைய நியமனமே செல்லாது என்று புதிய நிர்வாகம் முடிவெடுத்தது. நல்ல விளைவுக்காகக் குறுக்கு வழியில் போனால், அடுத்தவரும் அதே வழியில் வரலாம்.

9 ஜூன்

18 பறித்த பேரவையைத் திருப்பித் தந்த 19க்கு வருகிறேன். 2015 ஏப்ரல் 28. 225 பேரில் 210க்கும் மேற்பட்டோர் ஆதரவு, எதிராக ஒரே ஒருவர், சரத் வீரசேகர. நாள் முழுக்க இழுபறி. முதல் வரைவில் பேரவையில் ஏழு பேர் அரசியலுக்கு வெளியேயிருந்து, மூவர் பாராளுமன்ற உறுப்பினர். எதிரணியில் இருந்த சுதந்திரக் கட்சிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. குழுநிலையில், அதாவது சட்டமூலத்தை வரிவரியாகத் திருத்தும் கட்டத்தில், அது தலைகீழாகியது: ஏழு பேர் உறுப்பினர், மூவர் வெளியார். ஒத்துழைப்புக்குக் கொடுத்த விலை அது. அதிக விலைதான். ஆனாலும் நான் கொடுத்திருப்பேன். எதிர்க்கட்சித் தலைவர் என்ற முறையில் சம்பந்தனும் அந்தப் பேரவையில் இருந்தார் என்பதையும், 2015 நவம்பரில் அமைந்த மூவர் கொண்ட தேர்தல்கள் ஆணைக்குழுவில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த பேராசிரியர் இரத்தினஜீவன் ஹூல் ஒருவராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பலன் 2018இல் தெரிந்தது. ஒக்டோபர் 26 மைத்திரிபால சிறிசேன பிரதமரை மாற்றினார். நவம்பர் 9 பாராளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை வருடம் முடியுமுன் கலைக்க முடியாது என்று 19இல் இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சி, கூட்டமைப்பு, ஜே.வி.பி., முஸ்லிம் காங்கிரஸ் எல்லாரும் உயர் நீதிமன்றப் படியேறினார்கள். ஆணைக்குழு உறுப்பினராக இருந்துகொண்டே ஹூலும் மனுப் போட்டார். நவம்பர் 13 இடைக்காலத் தடை. டிசம்பர் 13 ஏழு நீதியரசர்களும் ஒரே முடிவு: கலைத்தது அரசியலமைப்புக்கு முரண். ஒரு சட்டமூலத்துக்குச் சேர்ந்து கை உயர்த்தியவர்கள், அது உடைக்கப்பட்டபோது அதற்காகச் சேர்ந்து வழக்காடினார்கள். 17ஐ இழந்தபோது இது நடக்கவில்லை. என் கண்ணில் 17க்கும் 19க்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

10 ஜூன்

'பிறகு 20 வந்து எல்லாவற்றையும் துடைத்ததே?' ஆம். 2020 ஒக்டோபர் 22, 156க்கு 65. அப்போதும் எதிரணியிலிருந்து ஆதரவு போனது. இரண்டு வருடத்தில் நாடு பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற பிறகு, 2022 ஒக்டோபர் 21 அன்று பேரவையை மீட்ட 21ஆவது திருத்தம், 179க்கு 1. அந்த ஒருவர் மறுபடியும் சரத் வீரசேகர. 20க்குக் கை உயர்த்திய பலர் 21க்கும் உயர்த்தினார்கள். அவர்களுடைய மனம் மாறியதா என்று எனக்கு அக்கறை இல்லை. மக்கள் தெருவில் நின்றது அக்கறை.

24 ஜூன்

இனி மாகாண சபை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

2013 செப்டெம்பர் 21, வட மாகாண சபையின் முதல் தேர்தல். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் தேர்தல் கடமையில் இருந்தேன். வாக்களிப்புத் தொடங்கும் முன்னமே வரிசை நீண்டு நின்றது, பாதிக்கு மேல் பெண்கள். ஒரு வயதான அம்மா வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு, 'தம்பி, இது எங்கட ஆக்களே நடத்துற சபைதானே?' என்று கேட்டார். கடமையில் இருக்கிறவன் பதில் சொல்லக் கூடாது. தலையை மட்டும் அசைத்தேன். கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் விக்னேஸ்வரன் முதலமைச்சர். அந்தச் சபை என்ன சாதித்தது என்பதில் எனக்கு நிறையக் குறை உண்டு. ஆனால் அதைக் குறை சொல்லவும், அடுத்த தடவை மாற்றவும் நமக்கு ஒரு வாக்கு இருந்தது. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. கிழக்குக்கு அதற்கும் ஒரு வருடம் முன்னமே முடிந்துவிட்டது.

இல்லாமல் போனது எப்படி? 2017 செப்டெம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்த சட்டமூலம் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவது பற்றியது. யாரும் எதிர்க்க மாட்டாத விஷயம். குழுநிலையில் அதற்குள் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் பக்கங்கள் சேர்க்கப்பட்டன. பாதி தொகுதி, பாதி பட்டியல். மூன்றில் இரண்டோடு நிறைவேறியது. பழைய விகிதாசார முறை அன்றே போயிற்று. புது முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். க. தவலிங்கம் தலைமையில் குழு அமைத்தார்கள், 2018 பெப்ரவரியில் அறிக்கையும் வந்தது. முஸ்லிம் கட்சிகள் தங்கள் பிரதிநிதித்துவம் குறைகிறது என்றன. மலையகக் கட்சிகளுக்கும் கவலை. அவை நியாயமான கவலைகள். பெரிய கட்சிகளுக்கோ அப்போது இன்னொரு தேர்தலைச் சந்திக்க விருப்பமில்லை. அப்புறம் ஓகஸ்ட் 24, 139க்கு பூச்சியம்.

அறிக்கை தோற்றால் பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் திருத்தித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தரவேயில்லை. தராவிட்டால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை. 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். பழைய முறையில் நடத்த வழியில்லை என்ற கருத்துத்தான் வந்தது. பழைய கதவை மூடிவிட்டுப் புதுக் கதவுக்குச் சாவி செய்யாமல் விட்டார்கள்.

25 ஜூன்

17இல் 'ஜனாதிபதி நியமிக்காவிட்டால்?' என்ற வரி இல்லை. 2017இல் 'குழு அறிக்கை தராவிட்டால்?' என்ற வரி இல்லை. நேற்று எழுதும்போது இரண்டும் ஒரே ஓட்டை என்பது மனதில் வந்தது. கட்சிகள் சேரும்போது எல்லாரும் ஒத்துழைப்பார்கள் என்ற நம்பிக்கையில் சட்டம் எழுதுகிறார்கள். ஒத்துழைப்பு நின்ற மறுநாள் என்ன நடக்கும் என்பதை எழுதுவதில்லை. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உடன்பாடே குழம்பிவிடும் என்ற பயம் இருக்கலாம். அந்தப் பயத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது.

27 ஜூன்

'மாகாண சபை இல்லாததால் உங்களுக்கு என்ன குறைந்தது? ஆளுநர் நடத்துகிறார் தானே' என்று ஒருவர்.

ஓய்வு பெறுவதற்கு முன், எங்கள் பாடசாலைக்கு இரண்டு கணித ஆசிரியர் வெற்றிடம். மாகாணத்துக்குரிய ஓர் அலுவலகத்துக்குப் பல தடவை போனேன். கோப்பு மேலே போயிருக்கிறது என்பார்கள். மேலே என்றால் யார்? சபை இருந்த காலத்தில் எங்கள் பகுதி உறுப்பினரைச் சந்தையிலோ கோயில் வாசலிலோ பிடித்து நிறுத்திக் கேட்கலாம். பதில் பிடிக்காவிட்டால் ஊரில் நாலு பேர் முன் ஏசலாம். ஏச முடிகிற ஒருவர் இருந்தார். பிறகு அந்த ஆளே இல்லை. அந்த வருடம் சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் கணிதத்தில் எப்படிச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் குறைந்தது என்கிறேன்.

6 ஜூலை

உள்ளூராட்சியில் புது முறை நல்லதா என்ற கேள்விக்கு என் மனம் இரண்டு பக்கமும் போகிறது.

அங்கேயும் அதே தாமதம். 2015இல் காலம் முடிந்த சபைகளுக்கு எல்லை நிர்ணயச் சிக்கலால் 2018 பெப்ரவரி 10தான் தேர்தல். உறுப்பினர் தொகை சுமார் 4,500இலிருந்து 8,000க்கு மேல் போயிற்று. பல சபைகளில் ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லை.

ஆனால் 25 வீதம் பெண்கள் என்ற ஏற்பாடு வந்தது. அதற்கு முன் உள்ளூராட்சியில் பெண்கள் இரண்டு வீதம்கூட இல்லை. என்னிடம் படித்த ஒரு பிள்ளை பட்டியல் வழியாகப் பிரதேச சபைக்குப் போனாள். முதல் வருடம் பேசவே விடவில்லை என்று அழுதாள். மூன்றாம் வருடம் குடிநீர் விஷயத்தில் செயலாளரையே மறித்துக் கேள்வி கேட்டாள். இந்த ஏற்பாட்டுக்குக் கட்சி பேதமில்லாமல் பெண் அமைப்புகள் எவ்வளவோ காலம் அலைந்தன. தேர்தல் முறையைத் திட்டும்போது இதையும் சேர்த்துத் திட்டாதீர்கள்.

விருப்பு வாக்கு ஒழிந்ததும் நல்லதே. ஒரே கட்சிக்குள் ஆளுக்காள் சுவரொட்டி கிழித்த காலம் உள்ளூரில் போயிற்று. பாராளுமன்றத் தேர்தலில் இன்னும் இருக்கிறது.

7 ஜூலை

2023 உள்ளூராட்சித் தேர்தலையும் கேட்டிருந்தீர்கள். மார்ச் 9 என்று திகதி வைத்து, திறைசேரி பணம் இல்லை என்றது. பணத்தைத் தடுக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லியும் நடக்கவில்லை. 2024 ஓகஸ்ட் 22 அன்று அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பு. தேர்தல் 2025 மே 6. தீர்ப்பு நல்லது. தீர்ப்பு வந்தபோது தேர்தல் திகதி கடந்து பதினேழு மாதம்.

15 ஜூலை

குழுநிலை விஷயம் பலருக்கும் புதிதாக இருந்ததுபோல் தெரிகிறது. கொஞ்சம் விளக்கம்.

நம் நாட்டில் சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் வந்து குறித்த சில நாட்களுக்குள்தான் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்கலாம். நிறைவேறி, சபாநாயகர் கையெழுத்திட்ட பிறகு எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. அரசியலமைப்பின் 80(3) உறுப்புரை. இந்தியாவில் சட்டம் வந்து பல வருடம் கழித்தும் நீதிமன்றம் செல்லாது எனலாம். இங்கே இல்லை. ஆகவே குழுநிலையில் நுழைக்கப்படும் ஒரு திருத்தத்தை மக்கள் பார்ப்பதற்கும் எதிர்ப்பதற்கும் நேரமே கிடையாது. 2017இல் நடந்தது அதுதான்.

என்னைக் கேட்டால், கட்சிகள் சேர்ந்து செய்ய வேண்டிய முதல் நீதித்துறைச் சீர்திருத்தம் இந்த 80(3)ஐ மாற்றுவது. நீதியரசர்களை யார் நியமிப்பது என்பதில் இருபது வருடமாக அடிபட்டோம். நியமிக்கப்பட்டவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை யாரும் தொடவில்லை. எந்த ஆளுங்கட்சிக்கும் இதைத் தொட விருப்பம் வராது. எதிர்க்கட்சியாக இருக்கும்போதே எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

16 ஜூலை

கொழும்பில் உள்ள மேல்மட்ட நீதிமன்றங்களைப் பற்றியே எழுதுகிறேன் என்ற குறை நியாயம். நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், காணி வழக்கு, இவைதான் ஊரில் பெரும்பாலோர் காணும் நீதி. எங்கள் குடும்பத்துக் காணி வழக்கு ஒன்று தவணை மேல் தவணையாகப் போய், வழக்குப் போட்ட பெரியப்பா இறந்த பிறகும் முடியவில்லை. 17உம் 19உம் அதைத் தொடவில்லை.

2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா உயிர் அச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். விகாரை கட்டுவது பற்றிய குருந்தூர்மலை வழக்கில் கட்டளைகள் போட்டவர். அதற்கு முன் பாராளுமன்றத்திலேயே அவரை விமர்சித்துப் பேசியிருந்தார்கள். வடக்கில் சட்டத்தரணிகள் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தார்கள், மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். பிரதம நீதியரசருக்காக 2012இல் மூன்று கட்சிகள் ஒன்றாக எழுந்து வெளியே போனதுபோல ஒரு மாவட்ட நீதிபதிக்காகத் தெற்கின் பெரிய கட்சிகளிலிருந்து யாரும் எழவில்லை. ஒத்துழைப்பு எங்கே நின்றுவிடுகிறது என்று கேட்டால் இந்த இடத்தைக் காட்டுவேன்.

6 ஓகஸ்ட்

நேற்றுப் பாராளுமன்றத்தில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனை நீக்கும் பிரேரணை 177 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக ஒன்றுமில்லை. 'இப்போது என்ன சொல்கிறீர்கள்?' என்று முதல் கேள்வி கேட்ட தம்பி.

நல்லது என்றே சொல்கிறேன். அந்த நியமனம் எப்படி நடந்தது என்று நினைவிருக்கும். அரசியலமைப்புப் பேரவையில் நால்வர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு, இருவர் வாக்களிக்கவில்லை. ஐந்து வாக்கு வேண்டும். சபாநாயகர் தன் வாக்கைச் சேர்த்துக் கணக்கை நிரப்பினார் என்பதுதான் சர்ச்சை. 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் கடமையாற்றத் தடை விதித்தது. இப்போது நீக்கியது 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், விசாரணைக் குழு வைத்து, முறைப்படி. 2013இல் பிரதம நீதியரசருக்குக் கிடைக்காத ஒழுங்கு இவருக்குக் கிடைத்தது.

ஆனால் இந்தப் பாராளுமன்றத்தில் தேசிய மக்கள் சக்தி என்ற ஒரே கட்சிக்கு 159 ஆசனம். மூன்றில் இரண்டுக்கு 150 போதும். எதிர்க்கட்சி சேர்ந்தாலும் சேராவிட்டாலும் எண்ணிக்கை மாறாது. 2001இல் 10 ஆசனத்தோடு நின்று சுயாதீன ஆணைக்குழு கேட்ட கட்சியின் வாரிசுகள்தான் இன்று ஆட்சியில். அன்று அவர்கள் கேட்ட கேள்விகளை இன்று நாம் அவர்களிடம் கேட்க வேண்டும், மாகாண சபைத் தேர்தல் எப்போது என்பதில் தொடங்கி. சட்டம் இல்லை என்பது அவர்களுக்குப் பதிலாக முடியாது. பழைய முறைக்குத் திரும்பித் தேர்தல் நடத்தலாம் என்று கூட்டமைப்பின் சுமந்திரன் தனிநபர் சட்டமூலமே கொண்டுவந்திருந்தார். 159 பேருக்கு அதை நிறைவேற்ற ஒரு நாள் போதும்.

9 ஓகஸ்ட்

ஒத்துழைப்பு நின்றால் என்ன நடக்கும் என்ற அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் வரைவு:

'இச்சட்டத்தின் கீழான எல்லை நிர்ணயம், வேட்புமனு கோரும் திகதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்னர் நடைமுறைக்கு வராதவிடத்து, அத்தேர்தல் இச்சட்டத்துக்கு முன்பிருந்த முறையின்படி நடத்தப்படுதல் வேண்டும்.'

நியமனங்களுக்கும் இதே மாதிரி ஒன்று: பேரவை அனுப்பிய பெயரைக் குறித்த நாட்களுக்குள் ஜனாதிபதி நியமிக்காவிட்டால் அவர் நியமிக்கப்பட்டவராகக் கருதப்படுவார். ஆணைக்குழுக்களுக்கு 19இல் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அதை ஒவ்வொரு நியமனத்துக்கும் விரிக்கக் கேட்க வேண்டும்.

சட்டத்தரணிகள் யாராவது வாசிக்கிறீர்கள் என்றால் சொற்களைத் திருத்துங்கள். 'வேட்புமனு கோரும் திகதி' என்பதா, 'சபையின் பதவிக்காலம் முடியும் திகதி' என்பதா என்பதில் எனக்கு இன்னும் யோசனை. இரண்டாவது பாதுகாப்பானது என்று தோன்றுகிறது, ஏனென்றால் வேட்புமனுவே கோராமல் இழுக்கலாம். சிங்களத்தில் நன்றாக எழுதக்கூடிய ஒருவரும் வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஆளுங்கட்சி உறுப்பினரும் இருக்கிறார், எதிரணி உறுப்பினர்களும் இருக்கிறார்கள். எல்லாரிடமும் ஒரே தாளைக் கொடுக்கப் போகிறேன், கையெழுத்திடுவேன் என்கிறவர் யார், மாட்டேன் என்கிறவர் யார் என்று இங்கேயே எழுதுவேன்.